கலைக்காத கட்டு

அட்டை மிஸ்ஸுக்குச் சீட்டுக்கட்டு என்றாலே ஆகாது. ரயிலில் எதிர் இருக்கையில் நாலு பேர் துண்டை விரித்துச் சீட்டுப் போட ஆரம்பித்தால், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவாள். கல்யாணமான புதிதில் அவள் கணவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், ஆசை ஆசையாய் ஒரு கட்டு வாங்கி வந்து, "மழை பெய்யுது, ஒரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டார். அந்தக் கட்டு உறை பிரிக்காமலே குப்பைக்குப் போனது. அன்றோடு அவர் கேரம் போர்டு போதும் என்று நிறுத்திக்கொண்டார். மனுஷனுக்கு நிம்மதி வேண்டாமா?

இத்தனைக்கும் அவள் பிழைப்பே அட்டைகளோடுதான். பள்ளிக்கூடத்தின் தரைத்தளத்தில், நடைபாதையின் கோடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறை அவளுடையது. பாதி உயரத்துக்கு நீலம் அடித்த சுவர், குட்டை நாற்காலிகள், கொக்கிகளில் வரிசையாய்த் தொங்கும் தண்ணீர் பாட்டில்கள், சுற்றும்போதெல்லாம் முணுமுணுக்கும் மின்விசிறி. நாலு வயதும் ஐந்து வயதுமாய் அங்கே வந்து சேரும் வாண்டுகளுக்கு, பார்த்ததும் சொல்ல வேண்டிய சொற்களைக் கண்ணில் ஏற்றி அனுப்புவதுதான் அவள் வேலை. எழுத்து தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்த அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'அங்கே' என்பதை ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டி இழுத்துக்கொண்டு போனால், வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். சாப்பாட்டு மணியும் அடித்துவிடும். அடிக்கடி வருகிற சொற்கள், தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும் சொந்தக்காரர் முகம் மாதிரி, பார்த்தவுடன் பிடிபட வேண்டும்.

அதற்குத்தான் அட்டைகள். துணிக்கடையில் புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டைகளைக் கேட்டு வாங்கி, கத்தரித்து, தடித்த கறுப்புப் பேனாவால் அவளே எழுதியவை. அம்மா, வா, இங்கே, அங்கே, இல்லை, நீ, தண்ணீர், வேண்டும், போதும். வருஷக்கணக்காய் அதே கட்டு. 'வா' அட்டையின் ஒரு மூலை காது மாதிரி மடிந்திருக்கும். 'இங்கே' மேல் ஒரு நாள் டீ கொட்டிவிட்டது. 'தண்ணீர்' அட்டையை ஒரு பிள்ளை கடித்துவைத்திருந்தது. பல்தடம் அப்படியே இருந்தது. கிழிந்துபோன 'போதும்' மேல் டேப் ஒட்டியிருந்தாள். பெற்றோர்கள் அவளுக்கு அட்டை மிஸ் என்று பெயர் வைத்ததே இந்தக் கட்டைப் பார்த்துத்தான். "பொருத்தமான பேர்தான். பிடிச்சா விடமாட்டா" என்பார் கணவர், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

கட்டை அவள் ஒரே மாதிரிதான் பிடிப்பாள். மேலிருந்து ஓர் அட்டையை எடுப்பாள், காட்டுவாள், பிள்ளைகள் கத்தியதும் அடியில் செருகுவாள். அடுத்தது. சாயங்காலம் ரப்பர் பேண்டு போட்டு அலமாரிக்குள் வைப்பாள். ஒரு நாளும் கலைத்ததில்லை. ஏன் கலைப்பதில்லை என்று அவளை யாரும் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் முகம் சிவந்திருக்கும், பதில் வந்திருக்காது.

பதில் அவள் அப்பாவிடம் இருந்தது. அப்பா ஒரு கிடங்கில் சாமான் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். விடுமுறை நாள் வந்தால் முன் அறையில் பாய் விரிந்துவிடும், நாலைந்து பேர் வந்துவிடுவார்கள், இருட்டும்வரை ஆட்டம். ஏழெட்டு வயதுப் பெண்ணாய் அவள் அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே கலைக்கக் கற்றுக்கொண்டாள். கட்டை இரண்டாய்ப் பிரித்து, இரண்டு பாதிகளின் ஓரங்களையும் கட்டைவிரலால் வளைத்து, சர்ரென்று ஒன்றுக்குள் ஒன்றாய் விட்டு, பாலம் போல மேலே வளைத்துக் கீழே இறக்குவது பெரியவர்களுக்கே சரியாக வராத வித்தை. அவளுக்கு அது கைவந்த கலையாகிவிட்டது. ஆட்டக்காரர்கள், "பாப்பா கலைச்சுக் குடுக்கட்டும்" என்று கட்டை அவளிடம் நீட்டுவார்கள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது. அம்மா சமையலறையில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாய் வைப்பாள்.

பிறகு ஒரு நாள் ஆட்டத்தில் அம்மாவின் தையல் மெஷின் வீட்டை விட்டுப் போனது. அந்த மெஷினில் தைத்துத்தான் அம்மா அவளுக்கும் அண்ணனுக்கும் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாள் பள்ளியில் அவள் பெயர் 'சீட்டுக்காரன் மகள்' என்று மாறியது. அப்பா அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து சீட்டை விட்டார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதெல்லாம் சரிதான். ஆனால் மகளுக்கு மனசு ஆறவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போனால், "சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா?" என்ற இரண்டு கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். கலைக்கத் தெரியும் என்பதை அவள் கட்டின கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வருஷம் பள்ளிக்குப் புதுப் பிரின்ஸிபல் வந்தார். நல்ல மனுஷி, ஆனால் எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். ஒரு நாள் காலையில் பளபளவென்று அச்சடித்த அட்டைகளோடு மிஸ்ஸின் அறைக்குள் வந்து நின்றார்.

"அதே வார்த்தைகள்தான் மிஸ். புதுசா அடிச்சிருக்கோம். பசங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு பார்த்துட்டுப் போறேன்."

"பாருங்க மேடம், தாராளமா" என்றாள் மிஸ். குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது. அவள் பிள்ளைகள் அத்தனை பேரும் கடகடவென்று சொல்வார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

பிரின்ஸிபல் முதல் அட்டையைத் தூக்கினார். அதில் 'தண்ணீர்' என்று இருந்தது.

"அம்மா!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

பிரின்ஸிபல் அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அடுத்தது, 'இல்லை'.

"வா!"

அதற்கடுத்து 'போதும்'. "இங்கே!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். அட்டையில் என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளைகூடக் கவலைப்படவில்லை. பழைய கட்டின் வரிசையை ஒன்று விடாமல், அத்தனை உற்சாகமாய் ஒப்பித்துக்கொண்டு போனார்கள். மிஸ்ஸின் முகத்தில் ஈயாடவில்லை.

முன் வரிசையில் இருந்த வாலு எழுந்து நின்றாள். வாலு, மிஸ்ஸின் அண்ணன் மகள். வீட்டில் அத்தை, வகுப்பில் மிஸ் என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தும், அவசரத்தில் எல்லாம் கலந்துவிடும்.

"மிஸ் அத்தை, இந்த அட்டை எல்லாம் தப்பு. 'வா'ன்னா காது மடிஞ்சிருக்கணும். 'இங்கே'ன்னா டீ கொட்டியிருக்கணும். 'தண்ணீர்'ல பல்லு இருக்கணும். இதுல ஒண்ணுமே இல்லை!"

பிள்ளைகள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பிரின்ஸிபலின் உதட்டில் சிரிப்பு வந்து, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

ஆபீஸ் அறையில் அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மிஸ்ஸும் நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

"அவங்க படிக்கல மிஸ். ஒப்பிக்கிறாங்க. ஒருத்தர் வாயைப் பார்த்து இன்னொருத்தர் சொல்றாங்க. அடுத்த மாசம் பெற்றோர் நாள் வருது. பெத்தவங்க முன்னாடி, எந்த அட்டையைக் காட்டினாலும் பசங்க படிக்கணும். படிச்சா அந்த அறை உங்களுது, நான் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா அடுத்த வருஷம் வேற டீச்சருக்குக் குடுத்துடுவேன். நீங்க ஆபீஸ்ல போன் எடுங்க."

"போன் எடுக்கவா மேடம்?"

"சம்பளம் குறையாது."

சம்பளம் யாருக்கு வேண்டும்! அந்த அறையில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, ஷூ லேஸ் கட்டி, முதல் சொல்லை வாயில் வரவழைத்துத்தான் அவள் தலைநிமிர்ந்தாள். சீட்டுக்காரன் மகள் என்ற பெயரை அழித்து மிஸ் என்று எழுதிக்கொண்ட இடம் அது. அதை விட்டுவிட்டு, "வணக்கம், யார் வேணும்?" என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பதா?

அன்று சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து கிரீஸ் கையைக் கழுவும்போதே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். 'தண்ணீர்' அட்டைக்கு வகுப்பே "அம்மா" என்று கத்தியதைக் கேட்டதும் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். அவள் பார்வையைப் பார்த்து அவசரமாய் நிறுத்தினார்.

"கோவப்படாத. லிஃப்ட்லயும் இதே கதைதான். தினம் வர்றவங்க, பட்டன்ல நம்பர் அழிஞ்சுபோயிருந்தாலும் சரியா அமுக்கிடுவாங்க. அதே ஆளை வேற பில்டிங்ல விடு, தடவிட்டு நிப்பாங்க. அவங்க நம்பரையா பார்த்தாங்க? தேஞ்சுபோன இடத்தைத்தானே பார்த்தாங்க!"

அவள் கையில் இருந்த டம்ளரை அப்படியே மேசைமேல் வைத்தாள். எப்போதோ புதைத்து மண்ணைப் போட்டு மூடிய ஒன்று எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தது. அப்பாவின் ஆட்டத்துக்கு மோதிரம் போட்ட ஒரு மாமா வருவார். எப்போதும் ஜெயிப்பார். ஒரு நாள் சின்னப் பெண்ணான அவள்தான் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அப்பா, இந்த மாமா சீட்டோட முகத்தைப் பார்க்கல. முதுகைத்தான் பார்க்கிறாரு." கட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் நகக்கீறல். மோதிரக்காரர் அன்றைக்குச் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் ஓடினார். அதற்குப் பிறகு அந்தப் பாயில் ஒரு சட்டம் வந்தது. அழுக்கான கட்டு கூடாது. ஆட்டத்துக்கு ஆட்டம் கலைக்க வேண்டும். கலைத்த கட்டைப் பக்கத்தில் இருப்பவர் வெட்டி, மேல்பாதியைக் கீழே மாற்றிக் கொடுக்க வேண்டும்.

"அடையாளம் போட்ட கட்டு" என்றாள் மெதுவாக. "இத்தனை வருஷமா நான் ஆடிட்டு இருந்தது அடையாளம் போட்ட கட்டு. கலைச்சா சீட்டாட்டம் ஆயிடும்னு கலைக்காமலே விட்டிருக்கேன். கீறல் போட்டது நானேதான்."

கணவருக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தில் அழுகை போய் வேறு ஏதோ வந்திருந்ததைப் பார்த்து, சாப்பாட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். அவளோ கோபமும் சிரிப்புமாய் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாலு செய்ததெல்லாம், சின்ன வயதில் அத்தை பார்த்ததைப் போலக் கண்ணை நன்றாகத் திறந்து பார்த்ததுதான்.

மறுநாள் பழைய கட்டை ரப்பர் பேண்டோடு அலமாரியின் அடித்தட்டில் தள்ளினாள். சட்டை அட்டை தடிமனானது. வளையாது, கலைக்க உதவாது. அழைப்பிதழ் அச்சடிக்கும் கடைக்குப் போய், வெட்டி ஒதுக்கிய வழுவழுப்பான காகிதத் துண்டுகளை ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். அடுத்து அவள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். ஒரு சொல்லைக்கூடத் தான் எழுதவில்லை. கணவரைப் பிடித்து உட்கார வைத்து எழுதச் சொன்னாள். அவர் எழுத்து, மாடியிலிருந்து உருண்டு விழுந்த மாதிரி இருக்கும். பள்ளி வாட்ச்மேன் எழுதினார். அறை பெருக்கும் அக்கா பச்சை மையில் எழுதினார். வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். ஒரே 'இங்கே' குண்டாக, ஒல்லியாக, சாய்ந்து, நிமிர்ந்து, சிவப்பில், ஊதாவில் வந்து குவிந்தது. பிரின்ஸிபலின் பளபள அட்டைகளையும் அளவாய் வெட்டி அதில் சேர்த்துக்கொண்டாள். ஓரம் மடிந்தாலோ கறை பட்டாலோ அந்த அட்டைக்கு உடனே ஓய்வு.

கட்டு தயார். இனிக் கலைக்க வேண்டும். மிஸ் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். நடைபாதையில் யாரும் வரவில்லையே என்று கதவுக் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். தரையில் வட்டமாய் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் நடுவில் போய் அமர்ந்தாள். அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம் எங்கோ கேட்ட மாதிரிகூட இருந்தது. கட்டை இரண்டாய்ப் பிரித்தாள், வளைத்தாள், விட்டாள்.

சர்ர்ர்!

விரல்களுக்கு ஒன்றுமே மறந்திருக்கவில்லை. பாலம் எழுந்து, மடிந்து, பட்டென்று படுத்துக்கொண்டது. பிள்ளைகள் முட்டிபோட்டு நகர்ந்து கிட்டே வந்தார்கள்.

"மிஸ், மந்திரமா?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. கலைக்கிறேன். இப்போ எந்த அட்டை வரும்னு எனக்கும் தெரியாது."

"உங்களுக்கேவா?" என்றாள் வாலு. மிஸ்ஸுக்கே தெரியாது என்ற செய்தி அந்த அறையில் பெரிய சந்தோஷத்தைக் கிளப்பியது.

சந்தோஷம் இருந்தது, படிப்பு வரவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும். முதல் சில நாட்கள் படு மோசம். 'அம்மா' அட்டையைத் தவிர ஒன்றும் தேறவில்லை. அப்பாவின் பாயில் பார்த்ததை எல்லாம் மிஸ் ஒவ்வொன்றாய் இறக்கினாள். ஆளுக்கு மூன்று அட்டை பிரித்துப் போட்டாள். தன் கையில் இருப்பதைப் படித்துவிட்டுத்தான் கீழே இறக்கலாம். கூட்டமாய்க் கத்துவது கிடையாது. முறை வந்தவர்தான் பேச வேண்டும். ரம்மியில் சீட்டு சேர்ப்பது போல மூன்று பேர் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால், தரையைத் தட்டி, "சேர்ந்தாச்சு!" என்று கத்தலாம். 'நீ', 'இங்கே', 'வா' என்று முதல் வாக்கியம் சேர்ந்த அன்று தட்டிய தட்டலில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். தோற்றவர் யாரும் எதையும் இழக்கவில்லை. மறுபடி கலைத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் யார் வீட்டுத் தையல் மெஷினும் போகாது என்று மிஸ் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொன்னதும் நெஞ்சில் ஏதோ தளர்ந்தது.

அப்படி ஒவ்வொருவராய் வாய் திறந்தபோதுதான் பேசாமடந்தையின் குட்டு வெளிப்பட்டது. ஜன்னலோரம் உட்காரும் சின்னப் பெண் அவள். தனியாய் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. கூட்டத்தோடு வாயை அசைத்தே இத்தனை நாளை ஓட்டியிருக்கிறாள். ஒரு சொல்கூடத் தெரியாது. மிஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. அவள் முறை வரும்போதெல்லாம் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். அவளுக்காக வாலு முந்திக்கொண்டு சொல்ல வந்தால், "உன் சீட்டை மட்டும் பாரு" என்று அடக்கினாள். ஒரு நாள் பேசாமடந்தையின் கைக்கு, மாடியிலிருந்து உருண்டு விழுந்த அந்தக் கையெழுத்தில் ஒரு அட்டை வந்தது. நெடுநேரம் பார்த்தாள். பிறகு வாட்ச்மேன் எழுதிய இன்னொரு அட்டையைத் தரையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இல்லை. இதுவும் இல்லை."

இரண்டிலும் 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தது. மிஸ் அவளை அள்ளி எடுத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "உங்க கோழிக்கிறுக்கலை ஒரு குழந்தை படிச்சிடுச்சு. இனிமே உலகத்துல அவ எதை வேணா படிப்பா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

பெற்றோர் நாள் வந்தது. மேல்மாடிக் கூடத்தில் நாற்காலிகள் போட்டு, மேடையில் மைக் வைத்து, எல்லா வகுப்பும் ஏதோ ஒன்று செய்து காட்டியது. அட்டை மிஸ்ஸின் முறை வந்தபோது அவள் பார்வை கடைசி வரிசைக்குப் போனது. அண்ணனுக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். வாலுவின் தாத்தா வராமல் இருப்பாரா! சலவைச் சட்டை, முழங்காலின் மேல் இரண்டு கைகள். மிஸ்ஸுக்குத் திக்கென்றது. கதவைச் சாத்திக்கொண்டு கலைப்பது வேறு. இத்தனை பேர் பார்க்க, அப்பா பார்க்க, அந்தப் பாலத்தை எழுப்புவது வேறு. வேண்டாம் என்று முடிவு செய்தாள். கீழேயே கலைத்துக் கொண்டுவந்த கட்டு, போதும்.

மேலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினாள். பிள்ளைகள் முறை வைத்துப் படித்தார்கள். சரியாகத்தான் படித்தார்கள். கைதட்டல் கிளம்பும் நேரத்தில் முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். பேசாமடந்தையின் அப்பா.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். என் பொண்ணு வீட்டுல வாயே திறக்கமாட்டா. முன்னாடி ஒரு தடவை வரிசையை மனப்பாடம் பண்ணித்தான் சொன்னாங்கன்னு கேள்விப்பட்டோம். இதுவும் அப்படி இல்லேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க கண்ணு முன்னாடி கலைச்சுக் காட்டுங்களேன்."

கூடத்தில் சலசலப்பு. பிரின்ஸிபல் மிஸ்ஸைப் பார்த்தார். அந்த அறை இப்போது அவள் கையில் இருந்த கட்டுக்குள் இருந்தது. வாலுவுக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ் அத்தை, பாலம் போடுங்க! பாலம்!"

அவ்வளவுதான், வகுப்பே "பாலம், பாலம்" என்று ஆரம்பித்துவிட்டது. மிஸ் மறுபடி கடைசி வரிசையைப் பார்த்தாள். அப்பா தலைகுனிந்திருந்தார். ஆனால் முழங்காலின் மேல் இருந்த அவர் கட்டைவிரல்கள் இரண்டும், தம்மை அறியாமல் மெல்ல வளைந்து நிமிர்ந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குள் இத்தனை வருஷமாய் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, போய்த் தொலைகிறது என்று கையை விட்டது. மைக்கை நகர்த்தினாள். கட்டைப் பிரித்தாள்.

சர்ர்ர்! பாலம். மறுபடி சர்ர்ர்! இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு அட்டைகள் அருவியாய் இறங்கின. ஒரு கையாலேயே கட்டைப் பிளந்து திருப்பினாள். அது தேவையே இல்லை. வந்த வேகத்தில் செய்துவிட்டாள். கண்ணாடிக்காரர் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தார்.

கலைத்த கட்டோடு அவள் மேடையிலிருந்து இறங்கி, வரிசைகளைத் தாண்டி, நேராகக் கடைசிக்குப் போனாள். கட்டை நீட்டினாள்.

"வெட்டுங்கப்பா."

அப்பா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேண்டாம்மா. தொடமாட்டேன்னு உங்க அம்மாவுக்குச் சொல்லியிருக்கேன்."

"இதுல யாரும் எதையும் இழக்கிறதில்லப்பா. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. வெட்டுங்க."

அவர் கை மெல்ல முன்னுக்கு வந்து, கட்டின் பாதியைத் தூக்கி அவளுடைய இன்னொரு கையில் வைத்தது. மிஸ் அடிப்பாதியை மேலே சேர்த்தாள். திரும்பி நடக்கும்போது கண்ணீர் மறைத்தது. தடுமாறாமல் போய்ச் சேர்ந்தாள்.

மேல் அட்டை வாலுவுக்கு: "வேண்டும்!" அடுத்தது, அடுத்தது. ஊதா மை, பச்சை மை, அச்சு, கிறுக்கல், எது வந்தாலும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் மூன்று பேர் சேர்ந்து 'அம்மா', 'அங்கே', 'இல்லை' என்று வைத்துத் தரையைத் தட்டி, "சேர்ந்தாச்சு!" என்று அலறினார்கள். பெற்றோர்களும் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார்கள். பிரின்ஸிபலும் தட்டினார், நான் சொல்கிறேன், அவரும்தான் தட்டினார்.

"என் பொண்ணு?" என்றார் கண்ணாடிக்காரர். குரலில் முன்பிருந்த விறைப்பு இல்லை.

மிஸ் ஒரு அட்டையை எடுத்துப் பேசாமடந்தையின் கையில் கொடுத்தாள். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நேராகத் தன் அப்பாவைப் பார்த்து, கூடத்தின் கோடிவரை கேட்கும்படி, தெளிவாகப் படித்தாள்:

"போதும்."

கூடம் வெடித்துச் சிரித்தது. கண்ணாடிக்காரரும் சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அட்டை தானாக வந்தது, தான் ஒன்றும் செய்யவில்லை என்று மிஸ் இன்றுவரை சாதிக்கிறாள். அந்த விரல்களைப் பார்த்தவர்கள் யாரும் நம்புவதாக இல்லை.

பிரின்ஸிபல் மைக்கைப் பிடித்து, "அந்த அறை மிஸ்ஸோடதுதான். அடுத்த வருஷமும், அதுக்கடுத்த வருஷமும். இனிமே மத்த டீச்சருங்களும் கலைக்கக் கத்துக்கணும்" என்றார். மிஸ் மேடையின் ஓரத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாய் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலையும்போது ஆளுக்கு ஆள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "எங்கே கத்துக்கிட்டீங்க மிஸ் இதை?" என்று கண்ணாடிக்காரரே கேட்டார். மற்ற நாளாய் இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அன்று அவள் கூட்டத்தைத் தாண்டி, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்த கிழவரைக் கை காட்டினாள்.

"எங்க அப்பாகிட்ட. அந்தக் காலத்துல அவரு பெரிய சீட்டுக்காரரு. நான் சீட்டுக்காரர் மகள்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நின்றுவிட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்க. அதுவாப் பார்த்துக் கத்துக்கிச்சு" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லாத்தான் கலைச்சே. ஆனா அந்த ஒத்தைக் கை வித்தை இருக்கே, அதுல கடைசி அட்டை கொஞ்சம் நழுவப் பார்த்துச்சு. கவனிச்சேன்."

"நழுவவே இல்ல!" என்றாள் மகள்.

"நழுவுச்சு தாத்தா, நானும் பார்த்தேன்" என்றாள் வாலு.

சண்டை முற்றியது. அன்று சாயங்காலம் அப்பா மகள் வீட்டுக்கு வந்தார். மருமகன் கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பாயை விரித்தார். 'இங்கே', 'வா', 'போதும்' எல்லாம் பாயில் வந்து விழுந்தன. யார் கலைப்பது என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை.